புள்ளலூர் சேசிஸ்

உத்திரமேரூர்
12 ஜூன் 2024

பிரிஸ்கில்லாவுக்கு,

சாம்சன் எழுதுவது. நான் கடிதம் எழுதுகிறேன் என்றதும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. முட்டி வலியைத் தவிர அம்மாவுக்கு ஒன்றுமில்லை. நம் லோடு வண்டிக்குத்தான் முடியவில்லை.

போன வாரம் தகுதிச் சான்றுக்கு எடுத்துப் போனேன். ஆய்வாளர் அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இன்னாப்பா இது, சேசிஸா, ஒட்டுப்போட்ட சட்டையா?" என்றார். அடிச்சட்டத்தில் முன்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில், நீ வெல்டிங் வைத்ததற்கு ஒரு சாண் தள்ளி, புது விரிசல். நீ வைத்த பற்று அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த இரும்புதான் விட்டுவிட்டது. சான்று கிடையாது என்று சொல்லிவிட்டார். இப்போது அடுத்தவன் வண்டியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. நீ மடத்துக்குப் போவதற்கு முன் நாம் இருவரும் பிரித்துக் கோத்த டீசல் இன்ஜின்தானே. ஒரே திருப்பில் பிடிக்கிறது. அதை இரும்புக் கடையில் போட எனக்கு மனமில்லை. அதே கம்பெனியின் பழைய பிக்கப் ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு வாங்கி, அந்தச் சேசிஸில் நம் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டேன். முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொண்டு செய்தால் புத்தகத்தில் ஏற்றிக்கொடுப்பார்களாம்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏனாத்தூரில். மெஸ்ஸுக்குக் காய்கறி எடுத்து வந்த வண்டி. நம்முடைய நீளம்தான். அடியில் கருப்புப் பெயின்ட் பளபளக்கிறது. மற்றொன்று புள்ளலூரில், வரதன் என்பவர் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி. அதைவிடப் பழைய மாடல், ஓரடி குட்டை. இரும்பு நல்ல கனம். ஆனால் இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது, சேசிஸே முறுக்கிக்கொண்டதோ என்னவோ.

எதை எடுப்பது? உங்கள் மடத்தில் போன் கொடுக்க மாட்டார்கள் என்பதால் கடிதம். இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சாம்சன்


ஏற்காடு
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, சேசிஸ் பற்றியே எழுதுகிறேன்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. நீ எப்போதும் பெயின்டைப் பார்த்து மயங்குகிறவன். ஏனாத்தூர் வண்டியில் காய்கறிக் கூடைகளிலிருந்து தண்ணீர் தினமும் ஒரே இடத்தில் சொட்டியிருக்கும். பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில், சட்டத்தின் உட்புறம் கையை விட்டுப் பார். சின்னச் சுத்தியால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். சத்தம் மொத்தென்று வருகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். வெட்கப்படாதே, நன்றாகவே குத்து. விற்கிறவர் முகம் மாறினால் அதையும் கவனி.

புள்ளலூர் வண்டிக்குக் குறுக்கு அளவு எடு. முன்னால் இடது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின்னால் வலது போல்ட்டுக்கு ஒரு நூல். வலதிலிருந்து இடதுக்கு இன்னொரு நூல். இரண்டும் ஒரே நீளம் என்றால் சட்டம் கோணவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும், மாட்டுச் சாணத்தில் அல்ல. நடுவில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர்களின் ரிவிட் ஆடுகிறதா என்று பார். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் தேய்த்த தடமோ, பற்றவைத்த தடமோ இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

எனக்கு ஏனாத்தூர்தான் சரி என்று படுகிறது. நீளம் ஒன்றாக இருப்பதால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் அப்படியே உட்காரும். புள்ளலூர் என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டிவரும்.

உன் கடிதத்தை எங்கள் மதரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மேலே எழுதியிருக்கும் பதிலையும் படித்தேன். முடித்ததும், "இந்த கிராஸ் மெம்பர்கள் எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள்?" என்றார். நானும் என்னோடு இருக்கும் பெண்களும் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை சிரித்தோம்.

அம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா? இது சேசிஸ் பற்றியது அல்ல. பொறுத்துக்கொள்.

தங்கை பிரிஸ்கில்லா


உத்திரமேரூர்
7 ஜூலை 2024

பிரிஸ்கில்லாவுக்கு,

நீ சொன்னபடி பார்த்தேன்.

ஏனாத்தூரில் குறுக்கு அளவு நூல் பிசகாமல் சரியாக இருக்கிறது. தட்டிக்கொண்டே போனேன். கணீர், கணீர், கணீர் என்று வந்து பின் ஸ்பிரிங் கிட்டே மொத்தென்றது. குத்தினேன். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் துரு. விற்கிறவர் முகம் மாறியது. "அதெல்லாம் ஒரு தகடு வச்சி அடிச்சா சரியா பூடும்பா" என்றார். தகடு வைக்கலாம்தான். அந்த இடத்தில் சூடு அதிகமானால் மொத்தச் சட்டமும் வளைந்துகொள்ளும் என்பது உனக்குத் தெரியும். நான் வைக்கும் வெல்டிங் எப்படி இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும்.

பிறகு புள்ளலூர் போனேன். வரதன் கழனியில் அம்மா முன்பு கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். நான் யார் என்று சொன்னதும், "அட, சிட்டம்மா புள்ளையா?" என்று உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துவரச் சொன்னார். உட்கார்ந்து மோர் குடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அவள் மோரையெல்லாம் விட்டுவிட்டு, "நாற்காலியா போட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அங்கே குறுக்கு அளவு சரியில்லை. இரண்டு நூலுக்கும் விரல் அகலம் வித்தியாசம். வண்டி சாய்ந்து நிற்பதால் எது உண்மையான அளவு என்றும் தெரியவில்லை. இரும்பைத் தட்டினால் கோயில் மணி மாதிரி இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். ஏனாத்தூரையே எடுத்துவிடலாம், நீ வந்து தகடு வைத்துக்கொடுத்தால். ஒரு மாதம். இன்ஜினை இறக்கி ஏற்றி எல்லாம் முடித்துவிட்டுப் போ. உன் சாமி எங்கும் இருக்கிறவர்தானே, நம் ஷெட்டிலும் இருப்பார். நீ போன நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வராததை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்காதே. வண்டியை நினைத்து யோசி.

சாம்சன்


ஏற்காடு
16 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

வருகிறேன்.

மதரிடம் கேட்டேன். தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "போக வேண்டுமென்றால் போய்வா. இங்கே யாரையும் கட்டிவைக்கவில்லை. ஆனால் பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த நாட்களையெல்லாம் நீ திரும்ப வந்து இருந்து முடிக்க வேண்டும். டிசம்பரில் மற்ற பெண்கள் கன்னியராக வார்த்தைப்பாடு கொடுக்கும்போது நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கம்பை நட்டுக்கொண்டே சொன்னார்.

வார்த்தைப்பாடு அடுத்த வருடமும் கொடுக்கலாம். அடுத்த வருடம்வரை நீ கூலிக்கு ஓட்ட முடியாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. இங்கே மடத்துக் கேட்டின் கீல் உடைந்தபோது சேலத்திலிருந்து ஆள் வந்து பற்றவைத்தார். ஜெபத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வெல்டிங் ராடைப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிச் செய்துவிடலாமா என்று கை பரபரத்தது. அன்றைக்கு முழுக்க என் மனம் ஜெபத்தில் இல்லை, கீலில்தான் இருந்தது.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை சேலத்தில் பஸ் ஏறுகிறேன். ஏனாத்தூர்க்காரரிடம் முன்பணம் கொடுத்துவை. என் கண்ணாடியும் கையுறையும் ஷெட்டில் இருந்தால் எடுத்துக் கழுவிவை. அம்மாவிடம் நீயே சொல். நான் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பக்குவமாகச் சொல்ல உனக்குத் தெரியாது என்பதுதான் என் ஒரே கவலை.

தங்கை பிரிஸ்கில்லா


உத்திரமேரூர்
22 ஜூலை 2024

அன்புள்ள பிரிஸ்கில்லாவுக்கு,

வராதே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணுங்க எல்லாம் முன்னால நிக்க, இவ மட்டும் பெஞ்சில குந்திக்கினு இருக்கணுமா? எதுக்குடா, உன் வண்டிக்கா?" என்றாள். நீ போனதிலிருந்து அம்மா உன் பக்கம் பேசி நான் கேட்டதில்லை.

எழுந்து நேராகப் புள்ளலூர் போனேன். வரதனிடம் கேட்டுக்கொண்டு, ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். பட்டை ஸ்பிரிங்குகளையும் இறக்கினேன். இடதுபக்க அடுக்கில் இரண்டு பட்டை உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் சாய்ந்திருக்கிறது. வெறும் சட்டத்தை மட்டும் நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி, ரசமட்டம் பார்த்து உட்காரவைத்து மறுபடி அளந்தேன். இரண்டு நூலும் சரியாக இருக்கிறது. வரதனையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்தேன். சரியாக இருக்கிறது, பிரிஸ்கில்லா. முறுக்கிக்கொண்டது சேசிஸ் இல்லை.

அதையே எடுத்துவிட்டேன். முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இனி நீ சொன்னாலும் மாற்ற முடியாது. ஓரடி குட்டைதான். ஷாஃப்ட்டைக் காஞ்சிபுரத்தில் லேத்தில் கொடுத்து வெட்டிக்கொள்கிறேன். நெல் நாலு மூட்டை குறைவாக ஏறும், ஏறட்டும். ஏனாத்தூர் சேசிஸுக்கு உன் கை வேண்டும். இதற்கு என் கை போதும்.

கையுறையைத் தேடினேன். எலி கடித்துவிட்டிருக்கிறது.

டிசம்பரில் எந்தத் தேதி என்று எழுது.

அண்ணன் சாம்சன்


ஏற்காடு
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

உன் கடிதம் வந்தபோது என் பை கட்டி முடித்துக் கட்டிலுக்கடியில் இருந்தது. பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அடுக்கும்போது அழுகை வந்தது. நான் இல்லாமலே வேலை ஆகிவிடும் என்று நீ எழுதியது எனக்கு வருத்தமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. ஸ்பிரிங்கை இறக்கிவிட்டு அளக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நீயாகச் செய்திருக்கிறாய்.

மதர் கேட்டார், "அண்ணனுக்கு உன்மேல் கோபமா?" என்று. "இல்லை மதர், இப்போதுதான் போயிருக்கிறது" என்றேன்.

டிசம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை.

தங்கை பிரிஸ்கில்லா


உத்திரமேரூர்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரிஸ்கில்லாவுக்கு,

இன்ஜின் ஏறிவிட்டது.

இரும்புக் குழாய் மூன்றை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டித் தூக்கி இறக்கினேன். இன்ஜின் தாங்கிகள் இரண்டு அங்குலம் முன்னால் வந்தன. வெட்டி எடுத்துப் புதிதாகத் துளை போட்டு, நட்டு போல்ட்டிலேயே முடுக்கிவிட்டேன். என் வெல்டிங்கை நம்பி எதையும் வைக்கவில்லை. கேபினுக்கு மட்டும் பழைய வண்டியின் கதவுகளையும் சீட்டையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை சாவி போட்டபோது பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று. கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இருமியது, கரும்புகை கக்கியது, அப்புறம் அதன் பழைய குரலுக்கு வந்துவிட்டது. அம்மா வாசலுக்கு வந்தாள். "நம்ம வண்டியா?" என்றாள். "நம்ம வண்டிதாம்மா" என்றேன். கிட்டே வந்து பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒரு பேஜார். ஐம்பதைத் தாண்டினால் வண்டி முழுக்க நடுங்குகிறது. ஸ்டியரிங்கில் இல்லை, சீட்டுக்கடியிலிருந்து வருகிறது. சக்கரத்தை மாற்றிப் பார்த்தேன். இன்ஜின் ரப்பரை மாற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட்டை லேத்துக்காரர் பேலன்ஸ் செய்துதான் கொடுத்தார். இந்த நடுக்கத்தோடு ஆய்வாளரிடம் போக முடியாது. அம்மா கேட்கவில்லை என்றாலும், ஷெட் பக்கம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஏதாவது தோன்றினால் எழுது.

அண்ணன் சாம்சன்


ஏற்காடு
8 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

உன் கடிதத்தைப் பாத்திரம் கழுவும்போது படித்தேன், ஈரம் பட்டுவிட்டது. இருந்தாலும் புரிந்தது.

ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் கிடத்து. இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி யோக் இருக்கிறதல்லவா, இரண்டும் ஒரே வாட்டத்தில் இருக்கின்றனவா என்று பார். ஒன்று படுத்தும் மற்றொன்று கொஞ்சம் திரும்பியும் இருந்தால், வெட்டி ஒட்டும்போது லேத்துக்காரர் திருப்பிவிட்டார் என்று அர்த்தம். பேலன்ஸ் எத்தனை பார்த்தாலும் நடுக்கம் போகாது. மறுபடி அறுத்து, நேர் செய்து ஒட்டச் சொல். முன்னதாகவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொடு.

அதுவும் இல்லையென்றால் எனக்குத் தெரியாது. அந்த வண்டியை நான் பார்த்ததில்லை. இப்போது அதைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும்.

வார்த்தைப்பாட்டுக்கு வெள்ளைச் சேலை வந்துவிட்டது. நான்கு பேருக்கும் ஒரே நீளத்தில் வாங்கிவிட்டார்கள். எனக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவாய்தானே? பஸ்ஸில் அவளால் காலை மடக்கி உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் கட்டாயப்படுத்தாதே. கேட்டு மட்டும் பார்.

தங்கை பிரிஸ்கில்லா


உத்திரமேரூர்
18 நவம்பர் 2024

அன்புள்ள தங்கைக்கு,

யோக்தான். நீ சொன்ன மாதிரியே திரும்பியிருந்தது. லேத்துக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் கிடத்திக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அட, நானே பாக்கலியே" என்று சொல்லிச் சும்மாவே செய்துகொடுத்தார். இப்போது எண்பதில் போனாலும் அலுங்குவதில்லை.

ஆய்வாளர் அடியில் படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எழுந்து வந்து, "எங்கப்பா புட்ச்ச இந்தச் சேசிஸ? இன்னும் இருவது வருசம் ஓடும்" என்றார். ஆர்.சி. புத்தகத்தில் நம் இன்ஜின் நம்பர் ஏறிவிட்டது. போன திங்கட்கிழமையிலிருந்து லோடு அடிக்கிறேன். முதல் லோடு வரதனின் நெல். கொள்முதல் நிலையத்துக்கு.

அம்மாவிடம் கேட்டேன். "அம்மாந்தூரம் என்னால வர முடியாது" என்றாள். விட்டுவிட்டேன். மறுநாள் சோறு போடும்போது, "அது மலை ஏறுமா?" என்றாள். "எது?" என்றேன். "உன் வண்டிதாண்டா" என்றாள். ஏறும் என்றேன். அதற்கடுத்த நாள், "வழியில நின்னுட்டா?" என்றாள். நிற்காது என்றேன். நேற்று வீட்டுக்குப் போனால், பீரோவிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடியில் காற்றாடப் போட்டிருக்கிறாள்.

அதனால் வருகிறோம்.

அண்ணன் சாம்சன்


உத்திரமேரூர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அன்றைக்கு உன்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றதில் எதையும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மலை ஏறும்போது அம்மா முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் "மாதாவே" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இரண்டாவது கியரிலேயே ஏறினேன். கண் ரோட்டில் பாதி, இன்ஜின் சூடு காட்டும் முள்ளில் பாதி. முள் நடுவைத் தாண்டவே இல்லை. வண்டி குட்டையாக இருப்பதால் கொண்டை ஊசி வளைவிலெல்லாம் ஒரே வளைப்பில் திரும்பியது. பாதி மலையில் அம்மா கம்பியை விட்டுவிட்டு, வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பூசையில் நீ வார்த்தைப்பாட்டுத் தாளைப் படித்தபோது உன் குரல் நடுங்கவில்லை. நான்தான் கீழே குனிந்துகொண்டேன். அம்மா அழுவாள் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணின் அம்மாவிடம், "ரெண்டாவதா நிக்குதே, ஒசரமா, அது எம் பொண்ணு" என்று சத்தமாகவே சொன்னாள். ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

உங்கள் மதர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "இதுதானே கிராஸ் மெம்பர்?" என்று சரியாகக் கை காட்டினார். நீ சொல்லிக்கொடுத்தாயா? ஜனவரியிலிருந்து நீ போகிற மடத்தில் பெண்களுக்கு வெல்டிங் வகுப்பு ஆரம்பிக்கப்போவதாக அவர்தான் சொன்னார். நீ சொல்லவே இல்லை. கையுறை நல்லதாக வாங்கிக்கொள்.

இறங்கும்போது அம்மா, அடிவாரம் வந்ததும் "நிறுத்துடா" என்றாள். வாந்தியோ என்று ஓரம்கட்டினேன். காலை ஊன்றி மெதுவாக இறங்கி, மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு வெற்றிலை போடுகிற நேரம். "அவ மொகம் நல்லா கீதுடா" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "சரி, போலாம்" என்று ஏறிக்கொண்டாள்.

சேலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். முதலில் தலை கதவுப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் என் தோளுக்கு வந்தது. அம்மா வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை, பிரிஸ்கில்லா. பழைய வண்டியில் எட்டு ஊர் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போச்சு என்பாள். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தலாம் என்று பார்த்தேன். நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். திண்டிவனத்தில் பசித்தது. அங்கேயும் நிறுத்தவில்லை. பள்ளம் வந்தால் ஒதுங்கி, வேகத்தடை வந்தால் மெல்ல ஏற்றி இறக்கி, முட்டை லோடு அடிக்கிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டெதிரில் வந்து நின்றதும்தான் கண் விழித்தாள். தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "அதுக்குள்ளியும் வந்துட்டமா?" என்றாள்.

"வந்துட்டோம்மா" என்றேன்.

அவள் உடனே இறங்கவில்லை. சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நானும் இன்ஜினை நிறுத்தவில்லை.

அண்ணன் சாம்சன்